குறுக்கே சாய்த்து வைத்த திமிசு: நடைபாதை விழுகையில் கவனக்குறைவு நிரூபணமான ஒரு வழக்கு

1956 அக்டோபர் 29 காலை, தென்கிழக்கு லண்டனில் ஒரு குடியிருப்புத் தெருவின் நடைபாதையில் ஒருவர் தடுக்கி விழுந்தார். விழுந்ததை யாரும் மறுக்கவில்லை. எதில் தடுக்கினார், அதை அங்கே வைத்தது யார், எதற்காக வைத்தார்கள், விழுந்ததால் அவருக்கு என்ன ஆயிற்று, எதிலும் பெரிய தகராறு இல்லை. இருந்தும் அவர் அடுத்தடுத்து இரண்டு நீதிமன்றங்களில் தோற்றார். அந்நாட்டின் அப்போதைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை வரை போய், 1964 ஜூலையில்தான் ஜெயித்தார்.

நடைபாதையில் விழுந்து அடிபட்டவர் இழப்பீடு கேட்டால் எதை நிரூபிக்க வேண்டும் என்று யாராவது என்னிடம் கேட்டால், முதலில் இந்த வழக்கைத்தான் படிக்கச் சொல்வேன். பெரும்பாலான விழுகை வழக்குகளில் சாட்சிகள் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசுவார்கள், கல் எவ்வளவு தூக்கியிருந்தது என்று சண்டை நடக்கும், கவனக்குறைவு என்ற கேள்வி அந்தக் களேபரத்தில் காணாமல் போய்விடும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. நடந்தது என்ன என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை யாருடைய தவறு என்று சொல்வது என்பது மட்டும்தான் எட்டு வருஷம் இழுத்தது. சட்டம் படித்தவர்கள் இந்த வழக்கை வாதியின் பெயரோடு சேர்த்து நினைவில் வைத்திருப்பார்கள். அவர் ஒரு தனிமனிதர் என்பதால் இங்கே வாதி என்றே சொல்கிறேன். பிரதிவாதி லண்டன் மின்சார வாரியம்.

அன்று காலை நடந்தது

வாதி பல வருஷங்களுக்கு முன் ஒரு விபத்தில் பார்வை இழந்தவர். பயிற்சி பெற்று, லண்டன் கவுன்ட்டி கவுன்சிலில் தொலைபேசி இயக்குபவராக வேலை பார்த்துவந்தார். தினமும் காலையில் வீட்டிலிருந்து கிளம்பி, வெள்ளைக் கோலோடு நடைபாதையில் சுமார் நூறு கஜம் தனியாக நடப்பார். பெரிய சாலை வந்ததும், கடந்துபோக யாராவது கைகொடுப்பார்கள். அந்த நூறு கஜம் அவருக்கு அத்துப்படி. வழியில் சாதாரணமாக எதிர்ப்படும் தடைகளைக் கோலால் துழாவி ஒதுங்கிப் போகப் பழகியிருந்தார்.

அன்று விடிந்த பிறகு மின்சார வாரியத்தின் ஆட்கள் வந்து, அதே நடைபாதையில் பள்ளம் தோண்டியிருந்தார்கள். தோண்டுவதற்குச் சட்டப்படி அவர்களுக்கு அதிகாரம் உண்டு. பள்ளத்துக்குள் யாரும் போய்விடக் கூடாதே என்று, அதன் ஒரு முனையில் தங்களிடம் இருந்த திமிசை எடுத்துக் குறுக்கே சாய்த்து வைத்தார்கள். மண்ணைக் குத்தி இறுக்கப் பயன்படும், நீண்ட கைப்பிடியும் கனமான தலையும் உள்ள அதே கருவிதான். தலை தரையில் கிடந்தது. கைப்பிடியின் நுனி பக்கத்துக் கம்பி வேலியில், சுமார் இரண்டடி உயரத்தில் சாய்ந்திருந்தது. நடுவில் கைப்பிடி ஒரு சரிவாக நின்றது.

கண் தெரிந்தவர் இதைப் பார்த்ததும் ஒதுங்கி நடப்பார். வாதி கோலை முன்னால் வீசித் துழாவியபடி வந்தார். கோல் திமிசின் மேல் படவில்லை. கைப்பிடி அவருடைய கணுக்காலுக்கு நாலரை அங்குலம் மேலே காலில் தட்டியது. தலைகுப்புற விழுந்தார். பள்ளத்தில் அவர் விழவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பள்ளத்திலிருந்து காப்பாற்ற வைத்த பொருள்தான் அவரைக் கவிழ்த்தது. அந்த அடியில் அவருக்குக் கேட்கும் திறனும் ஏறக்குறைய முழுவதுமாகப் போய்விட்டது. ஏற்கெனவே கண் இல்லாதவர், காதை வைத்துப் பிழைக்கும் வேலையில் இருந்தவர். நஷ்டம் எவ்வளவு பெரிது என்று விளக்கத் தேவையில்லை.

எதை நிரூபிக்க வேண்டியிருந்தது?

கவனக்குறைவு வழக்கில் வாதி நான்கு விஷயங்களைக் காட்ட வேண்டும் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். எதிராளிக்குத் தன்மீது அக்கறை எடுக்கும் கடமை இருந்தது, அதை அவர் மீறினார், அந்த மீறலால்தான் விபத்து நடந்தது, அதனால் தனக்குச் சேதம் ஏற்பட்டது. இதில் கடைசி இரண்டும் இங்கே பிரச்சினையே இல்லை. திமிசு இல்லாவிட்டால் விழுந்திருக்க மாட்டார். விழாவிட்டால் காது போயிருக்காது.

சண்டை முழுவதும் முதல் இரண்டில்தான். தெருவில் வேலை செய்பவர் நடந்துபோகிறவர்களுக்கு அக்கறை காட்ட வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஆனால் "நடந்துபோகிறவர்கள்" என்றால் யார்? தொழிலாளி திமிசை வைக்கும்போது மனக்கண்ணில் யாரை நிறுத்திப் பார்க்க வேண்டும்? நல்ல பார்வையும் நல்ல காலும் உள்ள ஒருவரை மட்டுமா, அல்லது கோலோடு வரும் ஒருவரையும் சேர்த்தா?

வாரியத்தின் வாதம் நேரடியானது. பார்வையுள்ள எவருக்கும் அந்த எச்சரிக்கை போதும். பார்வையற்ற ஒருவர் தனியாக, துணையில்லாமல், அந்தக் குறிப்பிட்ட தெருவில் அந்தக் காலைப் பொழுதில் வருவார் என்று எதிர்பார்த்து வேலை செய்ய முடியாது. முதல் நீதிமன்றம் இதை ஏற்றது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்றது. அவர்களுக்கு ஒரு முன்னுதாரணமும் இருந்தது. 1950-ல் பார்வையற்ற ஒரு பெண் பிரிட்டிஷ் தபால் துறைமீது போட்ட வழக்கில், பார்வையுள்ளவர்களுக்கு எச்சரிக்கை போதுமானதாக இருந்ததால் துறை தப்பித்திருந்தது.

இரண்டு தோல்விகளுக்கும் காரணம் சாட்சி பலவீனமாக இருந்ததல்ல. அளவுகோலே வேறாக இருந்தது. "போதுமான எச்சரிக்கை" என்பதை எந்த ஆளை வைத்து அளப்பது என்பதில் வாதி தோற்றார். பார்வையுள்ளவரை வைத்து அளந்தால் அவர் எத்தனை சாட்சிகளைக் கொண்டுவந்தாலும் ஜெயிக்க முடியாது. இதை அவருடைய வக்கீல்கள் சரியாகப் பிடித்துக்கொண்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அவர்கள் அதன்பின் பேசியது திமிசைப் பற்றியே அல்ல, தெருவில் நடக்கும் ஜனங்களைப் பற்றி.

258 பேர்

பிரபுக்கள் சபையில் வழக்கைத் திருப்பியது ஒரு கணக்கு. லண்டனில் பார்வையற்றவர்களாகப் பதிவு செய்தவர்கள் ஏழாயிரத்துக்கும் மேல். தென்கிழக்கு லண்டனின் உல்விச் பகுதியில் மட்டும் 258 பேர். நாட்டின் மொத்த மக்கள்தொகையில் ஏறக்குறைய ஐந்நூறு பேருக்கு ஒருவர் பார்வையற்றவர்.

ஐந்நூறில் ஒன்று என்றால் கேட்கச் சின்ன விகிதம்தான். ஆனால் ஒரு நகர நடைபாதையில் ஒரு நாளில் எத்தனை பேர் போவார்கள் என்று யோசித்தால் அது சின்னதாக இராது. வழக்கை விசாரித்த நீதிபதிகளில் ஒருவரான ரீட் பிரபு தன் தீர்ப்பில் இதை எளிமையாக அவிழ்த்தார். வெள்ளைக் கோலோடு தனியே நடந்துபோகும் பார்வையற்றவர்களை நகரத்து நடைபாதைகளில் நாம் எல்லோரும் பார்க்கிறோம். அவர்கள் எங்கேயோ குடியிருக்கத்தானே வேண்டும்? பெரும்பாலும் வீட்டிலிருந்து தனியாகவே கிளம்பியிருப்பார்கள். அப்படியானால் கடைத்தெருவில் எதிர்பார்க்க வேண்டியவரைக் குடியிருப்புத் தெருவில் எதிர்பார்க்கத் தேவையில்லை என்று எப்படிச் சொல்வது? பார்வையற்றவர் தனியாக வந்தால் ஆச்சரியப்பட வேண்டிய இடங்கள் உண்டு, ஆனால் நகர நடைபாதை அந்தப் பட்டியலில் வராது என்றார் அவர்.

இந்த வாதத்தின் பலம் எனக்கு அதன் கடைசிப் படியில்தான் தெரிகிறது. "எதிர்பார்க்கக்கூடியது" என்பது நீதிபதியின் உள்ளுணர்வாக விடப்படாமல், ஊரறிந்த உண்மையும் பதிவேட்டு எண்ணும் சேர்ந்த ஒரு சாட்சியமாக மாறியது. வாரியத்தின் தொழிலாளி 258 என்ற எண்ணைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தெருவில் நடமாடுகிற எவருக்கும் தெரிந்ததை அவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எண் அந்தப் பொது அறிவு சரி என்று உறுதிப்படுத்தியது.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இதே ரீட் பிரபு 1951-ல் இன்னொரு பிரபலமான வழக்கில் அமர்ந்திருந்தார். மான்செஸ்டர் பக்கம் ஒரு கிரிக்கெட் மைதானத்திலிருந்து அடிக்கப்பட்ட பந்து வேலியைத் தாண்டித் தெருவில் நின்ற ஒரு பெண்ணைத் தாக்கியது. அப்படிப் பந்து வெளியே விழுந்தது முப்பது வருஷங்களில் விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைகள்தான். நடக்கலாம் என்று ஊகிக்க முடிந்தாலும், அந்த வாய்ப்பு அவ்வளவு குறைவாக இருந்ததால் கிளப் தப்பித்தது. ஆக, "இப்படி நடக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாமே" என்று காட்டினால் மட்டும் போதாது. புத்தியுள்ள ஒருவர் பொருட்படுத்த வேண்டிய அளவுக்கு அது நடக்க வாய்ப்பிருந்தது என்றும் காட்ட வேண்டும். முப்பது வருஷத்தில் சில பந்துகள் ஒரு பக்கம். தினமும் நடக்கிற ஐந்நூறு பேரில் ஒருவர் மறுபக்கம். இரண்டு தீர்ப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் கோடு எங்கே விழுகிறது என்று ஓரளவு பிடிபடும்.

வேலி இருந்தது

ஆபத்தை ஊகிக்க முடியும் என்று காட்டினாலும் கடமை மீறல் தானாக நிரூபணமாகிவிடாது. "சரி, தெரியும். ஆனால் நாங்கள் வேறு என்ன செய்திருக்க முடியும்?" என்று எதிராளி கேட்பார். பார்வையற்றவர்கள் ஒவ்வொருவரையும் பாதுகாக்க ஒவ்வொரு குழிக்கும் ஒரு காவலாளியை நிறுத்த முடியாது.

இந்தக் கேள்விக்கான பதில் வழக்கிலேயே இருந்தது. பிரிட்டிஷ் தபால் துறை, அந்தக் காலத்தில் தொலைபேசிக் கம்பிகளும் அதன் பொறுப்புதான், நடைபாதையில் தோண்டும்போது சுமார் இரண்டடி உயரமுள்ள, தூக்கிச்செல்ல எளிதான இலேசான வேலியை நட்டு வைக்கும். கோல் அதில் நேராகத் தட்டும். பார்வையற்றவர் நின்றுவிடுவார். ஒரு வண்டியில் திமிசைப் போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கு இதையும் போட்டுக்கொண்டு வருவது பெரிய பாரம் கிடையாது.

விழுகை வழக்குகளில் இந்த வகைச் சாட்சியத்துக்கு நான் தனி மதிப்பு கொடுப்பேன். பக்கத்துத் துறை, அதே வேலையை, அதே நடைபாதையில், இன்னும் பத்திரமாக, கிட்டத்தட்ட அதே செலவில் செய்துகொண்டிருந்தது என்று காட்டிவிட்டால், "முடியாது" என்ற வார்த்தை எதிராளியின் வாயிலிருந்து வருவது கஷ்டம். எந்த நிபுணரின் கருத்தையும் விட இது பலமானது, ஏனென்றால் இது கருத்தே இல்லை.

வாதியின் பங்கு

பிரபுக்கள் சபை பார்வையற்றவர்களுக்கு எழுதாத காப்பீடு எதையும் கொடுத்துவிடவில்லை. அவர்களும் தங்கள் அளவில் நியாயமான கவனத்தோடு நடக்க வேண்டும் என்று தீர்ப்பில் சேர்த்தே சொன்னார்கள். அதனால்தான் வாதி கோலை எப்படிப் பயன்படுத்தினார் என்பது வழக்கில் முக்கியமாயிற்று. தினமும் நடந்து பழகிய வழி, கையில் கோல், முன்னால் துழாவிக்கொண்டே வந்தது, வழக்கமான ஜாக்கிரதை எல்லாம் எடுத்தது: இவை அனைத்தும் பதிவாகின. ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தரையில் படிந்த அந்தச் சரிவான கைப்பிடியில் கோல் படாமல் போனது அவருடைய அசட்டையால் நேரவில்லை. அந்தத் தடையின் வடிவமே அப்படி.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்கிறேன் என்றால், விழுகை வழக்குகள் பலவும் இங்கேதான் சரிகின்றன. கைபேசியைப் பார்த்துக்கொண்டே நடந்தாரா, ஓடினாரா, எந்தச் செருப்புப் போட்டிருந்தார், அந்தக் குழி அங்கே இருப்பது ஏற்கெனவே தெரியுமா என்று எதிர்த்தரப்பு ஒவ்வொன்றாகக் கேட்கும். இன்றைய இங்கிலாந்துச் சட்டத்தில் வாதியின் பங்கு நிரூபணமானால் வழக்கு முழுவதும் போய்விடாது, இழப்பீட்டில் அந்த விகிதம் வெட்டப்படும். ஆனாலும் "நான் எப்படி நடந்தேன்" என்பதற்கும் சாட்சியம் தேவை என்பதைப் பலர் கடைசி நேரத்தில்தான் நினைக்கிறார்கள்.

கல் தூக்கியிருந்தால் கதை வேறு

இந்த வழக்கில் ஒரு வசதி இருந்தது. தடையை வைத்தது யார் என்று தெரியும். அன்று காலைதான் வைத்தார்கள், தெரிந்தே வைத்தார்கள். ஆகவே "எங்களுக்குத் தெரியாதே" என்று வாரியம் சொல்ல வழியில்லை. நடைபாதைக் கல் தானாகப் பெயர்ந்து, தூக்கி, ஆடிக்கொண்டிருந்தால் நிலைமை தலைகீழ். யார் செய்தார்கள்? யாரும் செய்யவில்லை. செய்யாமல் விட்டார்கள்.

இங்கிலாந்தில் வெகுகாலம் இப்படிச் செய்யாமல் விட்டதற்காகச் சாலைப் பொறுப்பு அமைப்பின்மீது வழக்குப் போடவே முடியாது. தோண்டிவிட்டு மூடாமல் போனால் பொறுப்பு, பழுதைப் பார்க்காமலே இருந்தால் பொறுப்பில்லை என்ற விசித்திரமான நிலை. 1961-ல் ஒரு சட்டம் அந்தப் பாதுகாப்பை நீக்கியது. அது நடைமுறைக்கு வந்தது 1964 ஆகஸ்டில், நம் வழக்கின் தீர்ப்புக்கு அடுத்த மாதம். இப்போது அந்த விதி 1980-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தில் இருக்கிறது. பிரிவு 41 பராமரிக்கும் கடமையைச் சொல்கிறது. பிரிவு 58, நியாயமான கவனம் எடுத்தோம் என்று நிரூபித்துத் தப்பிக்கும் வழியை அமைப்புக்குத் தருகிறது.

இந்த இரண்டு படிகளில் நிரூபிக்கும் சுமை கைமாறுவதைப் பலர் கவனிப்பதில்லை. நடைபாதை ஆபத்தான நிலையில் இருந்தது, பராமரிக்காததால் அப்படி ஆயிற்று, அதனால் விழுந்தேன் என்பது வரை வாதி சுமக்க வேண்டும். அதைத் தாண்டிவிட்டால், எப்போது ஆய்வு செய்தோம், எத்தனை நாளுக்கு ஒருமுறை ஆள் அனுப்புகிறோம், புகார் வந்ததா என்பதையெல்லாம் காட்டுவது மாநகராட்சியின் வேலை.

லிவர்பூல் நகரத்திலிருந்து வந்த இரண்டு வழக்குகள் இதை அழகாகக் காட்டும். இரண்டிலும் பேசப்பட்டது வெறும் அரை அங்குலம். முதலாவதில், 1966-ல் முடிவானது, அரை அங்குலம் தூக்கி ஆடிக்கொண்டிருந்த தளக்கல் ஆபத்தானது என்று கீழ் நீதிமன்றம் சொன்னது நிலைத்துவிட்டது. அதன்பின் மாநகராட்சிதான் தன் கவனத்தை நிரூபிக்க வேண்டும். முறையான ஆய்வு ஏற்பாடு எதுவும் இல்லை. பழுது பார்க்கக் கைதேர்ந்த ஆட்கள் கிடைக்கவில்லை என்று சொன்னார்கள். ஆனால் சுற்றிப் பார்த்து வர ஒரு சாதாரணத் தொழிலாளி போதுமே என்ற கேள்விக்குப் பதில் இல்லை. தோற்றார்கள். 1968-ல் வந்த இரண்டாவது வழக்கிலும் அரை அங்குலப் பள்ளம்தான். அங்கே வாதி முதல் படியிலேயே நின்றுவிட்டார். நகரத்து நடைபாதை பந்து உருட்டி விளையாடும் புல்தரை மாதிரி வழவழவென்று இருக்காது, சின்ன மேடுபள்ளங்களை நடக்கிறவர் எதிர்பார்க்கத்தான் வேண்டும், இது ஆபத்தே இல்லை என்றது நீதிமன்றம்.

இதைப் படித்துவிட்டு "ஒரு அங்குலத்துக்கு மேல் இருந்தால் ஜெயிக்கலாம்" என்று ஒரு சூத்திரம் கிளம்பியது. 1992-ல் பார்ன்ஸ்லியில் வந்த வழக்கு அதை உடைத்தது. நடைபாதைச் செங்கல் ஒன்றின் மூலை உடைந்து இரண்டு அங்குல அகலம், ஒன்றேகால் அங்குல ஆழத்தில் ஒரு குழி. ஒரு பெண்ணின் செருப்புக் குதி அதில் சிக்கி விழுந்தார். அங்குலக் கணக்குப்படி அவர் ஜெயித்திருக்க வேண்டும். முதலில் ஜெயிக்கவும் செய்தார். மேல்முறையீட்டில் தோற்றார். அளவை மட்டும் வைத்து இயந்திரம் போலத் தீர்ப்புச் சொல்லக் கூடாது, பொதுமக்கள் சாதாரணமாக நடக்கையில் அதிலிருந்து நிஜமான ஆபத்தை ஊகிக்க முடியுமா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். பாதைகளைப் பராமரிக்கும் பணம் பொதுப்பணம் என்ற யோசனையும் அதற்குள் இருந்தது. எனக்கு அந்த முடிவு கொஞ்சம் கடுமையாகவே படுகிறது, குதி வைத்த செருப்போடு கடைத்தெருவுக்கு வருகிறவர்கள் ஐந்நூறில் ஒருவரை விட ரொம்ப அதிகம். ஆனால் சட்டம் இப்போது அங்கேதான் நிற்கிறது.

ஆகவே அளவு தேவை, அளவு மட்டும் போதாது. விழுந்த அன்றோ மறுநாளோ, பழுது சரிசெய்யப்படுவதற்கு முன், பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படம் எடுப்பது முதல் வேலை. கிட்டத்தில் ஒன்று, இடம் தெரியும்படி தூரத்தில் ஒன்று. அப்புறம் அது எவ்வளவு நாளாக அப்படி இருந்தது என்று சொல்லக்கூடிய கடைக்காரர், குடியிருப்பவர். மாநகராட்சியின் ஆய்வுப் பதிவேடுகளையும் முந்தைய புகார்களையும் கேட்டு வாங்குவது. திமிசு மாதிரி எடுத்துப்போய்விடக்கூடிய பொருள் என்றால் அவசரம் இன்னும் கூடுதல். மாலையில் வேலை முடிந்து வண்டி கிளம்பினால் சாட்சியமும் வண்டியில் போய்விடும். உடல் காயத்துக்கு இங்கிலாந்தில் பொதுவாக மூன்று வருஷம் வரை வழக்குப் போட அவகாசம் உண்டு என்பதால் மெத்தனமாக இருந்துவிட்டு, கடைசியில் கையில் ஒரு படம்கூட இல்லாமல் வருகிறவர்கள்தான் வக்கீல்களுக்குப் பெரிய தலைவலி.

திமிசுக்குப் பதிலாக வந்தது

1991-ல் வந்த புதிய சாலைகள், தெருப்பணிகள் சட்டம், தெருவைத் தோண்டுகிறவர்கள் அதைப் போதுமான அளவு தடுத்து, வெளிச்சம் போட்டு வைக்க வேண்டும் என்கிறது. மாற்றுத்திறனாளிகளின் தேவைகளைக் குறிப்பாகக் கணக்கில் எடுக்க வேண்டும் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. அதன்கீழ் வந்த நடைமுறை விதிகளில் நடைபாதைத் தடுப்புக்கு அளவே உண்டு. மேலே ஒரு மீட்டருக்கும் 1.2 மீட்டருக்கும் இடையில் ஒரு கைப்பிடிக் கம்பி. கீழே, வெள்ளைக் கோல் தட்டுவதற்கென்றே, குறைந்தது 150 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பலகை. அதன் கீழ் விளிம்பு தரையிலிருந்து 200 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது.

நம் வாதியின் காலில் கைப்பிடி தட்டியது கணுக்காலுக்குச் சுமார் 115 மில்லிமீட்டர் மேலே. இன்று அதே தெருவில் அதே மாதிரி ஒரு பள்ளத்தின் முன் அந்தப் பலகை இல்லாமல் ஒருவர் விழுந்தால், அவருடைய வக்கீல் உல்விச்சில் எத்தனை பேருக்குப் பார்வை இல்லை என்ற கணக்கைத் தேடிப் போக வேண்டாம். தபால் துறையின் வேலியையும் சாட்சிக்கு அழைக்க வேண்டாம். விதிப் புத்தகத்தையும், அன்று எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கடமை மீறல் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு மிஞ்சும் சண்டை, தோண்டியது நிறுவனமா, அதன் ஒப்பந்தக்காரரா, ஒப்பந்தக்காரரின் ஒப்பந்தக்காரரா என்பதில்தான் இருக்கும்.